எழுத்து, எண், நாயின் கண்: மரபணு குறித்துக் கேட்டவை

விழித்திரை மரபியல் என் வேலை. அண்ணன் மகனுக்கு டிஸ்லெக்சியா (வாசிப்பதில் வரும் சிரமம்) இருப்பதால் அந்தப் பக்கத்தையும் படிக்க வேண்டியதாயிற்று. இரண்டைப் பற்றியும் வந்த கேள்விகளுக்குச் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

மகள் நான்காம் வகுப்பு. வாசிப்பும் தடுமாறுகிறது, கணக்கும் வரவில்லை. எங்கள் வீட்டுப் பக்கமா, அவர் வீட்டுப் பக்கமா என்று தினமும் சண்டை. (திருச்சி)

சண்டையை விடுங்கள், இரண்டு பக்கமும் பங்கு இருக்கும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1994 முதல் 1996 வரை பிறந்த இரட்டையர்களைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து ஆராய்கிறார்கள். அவர்களை 12 வயதில் சோதித்து 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாசிப்புத் திறனைப் பாதிக்கும் மரபணுக்களில் ஏறக்குறையப் பாதி, கணக்கையும் பாதிக்கின்றன. அதனால் இரண்டும் சேர்ந்து வருவதில் வியப்பில்லை. ஆனால் இது ஒரு கூட்டத்தைப் பற்றிய கணக்கு. உங்கள் மகளின் சிரமத்தில் பாதி பரம்பரை என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

ஒன்று செய்து பாருங்கள். வாக்கியக் கணக்கை நீங்களே வாசித்துக் காட்டுங்கள். உடனே விடை சொல்லிவிட்டால் சிரமம் வாசிப்பில்தான். எட்டு பெரியதா ஐந்து பெரியதா என்பதற்கே விரலைத் தேடினால் எண்களைப் புரிந்துகொள்வதில் வரும் சிரமமான டிஸ்கால்குலியாவுக்கும் சோதிக்கச் சொல்லுங்கள்.

வாசிப்பு மட்டும் வராமல் கணக்கு நன்றாக வருமா?

வரும். இங்கிலாந்தின் சீஃபோர்டில் மருத்துவராக இருந்த பிரிங்கிள் மார்கன் 1896இல் எழுதியது அப்படி ஒரு 14 வயதுப் பையனைப் பற்றித்தான். சின்னச் சின்ன வார்த்தைகளையே அவனால் வாசிக்க முடியவில்லை. ஆனால் 749ஐ 867ஆல் பெருக்கச் சொன்னால் சட்டென்று சரியாகப் போட்டான். கணக்கு பிடிக்கும் என்றும் சொன்னான். பாதி மரபணுக்கள் பொது என்றால் மீதிப் பாதி தனித்தனி, இல்லையா?

எச்சில் மாதிரி கொடுத்தால் இரண்டு வயதிலேயே டிஸ்லெக்சியாவைக் கண்டுபிடிப்பதாக ஒரு விளம்பரம். செய்யலாமா?

வேண்டாம். டிஸ்லெக்சியா இருப்பதாகச் சொன்ன 51,800 பெரியவர்களின் டிஎன்ஏவை, அது இல்லாத பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களோடு ஒப்பிட்டு 2022இல் ஓர் ஆய்வு வந்தது. டிஸ்லெக்சியாவோடு தொடர்புள்ள 42 இடங்கள் டிஎன்ஏவில் கிடைத்தன. ஒவ்வொன்றின் விளைவும் மிகச் சிறியது. இதை வைத்து ஒரு குழந்தையைப் பார்த்து ஜோசியம் சொல்ல முடியாது. அந்தப் பணத்தை, எழுத்தையும் ஒலியையும் இணைத்துச் சொல்லித்தரும் பயிற்சி பெற்ற ஆசிரியருக்குக் கொடுங்கள்.

எங்கள் லாப்ரடார் இரவில் சுவரில் முட்டிக்கொள்கிறது. விழித்திரை தேய்வு என்கிறார் டாக்டர். இதற்கும் மரபணுச் சோதனை வீண்தானா? (கோவை)

இல்லை, இங்கே கதை வேறு. லாப்ரடாரில் வரும் ஒரு வகைத் தேய்வுக்குக் காரணம் பிஆர்சிடி என்ற ஒரே மரபணுவில் டிஎன்ஏவின் ஓர் எழுத்து மாறியிருப்பது. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பழுதான பிரதிகள் வந்தால்தான் நோய். மங்கிய வெளிச்சத்துக்கான கோல் செல்கள் முதலில் தேய்வதால் இரவில் முட்டுகிறது, பகலில் சமாளிக்கிறது. சோதித்தால் விடை தெளிவாக வரும். உங்கள் நாய்க்கு அதனால் மருந்து கிடைத்துவிடாது, ஆனால் குட்டி போடவிடுமுன் அவசியம் பாருங்கள். வீட்டில் நாற்காலி மேஜையை இடம் மாற்றாதீர்கள், வழி அதற்கு மனப்பாடம்.

மரபணு வெளிப்பாடு என்றால் என்ன? நாய் விழித்திரையில் அதை ஏன் அளக்கிறார்கள்? (கல்லூரி மாணவி)

கல்லீரல் செல்லிலும் கண் செல்லிலும் இருப்பது ஒரே டிஎன்ஏதான். எந்த மரபணு எவ்வளவு படியெடுக்கப்படுகிறது என்பதில்தான் வித்தியாசம். அந்தப் படிகளான ஆர்என்ஏவை அளப்பதுதான் வெளிப்பாட்டை அளப்பது. பழுதான மரபணு எது என்று டிஎன்ஏ சொல்லும். அந்தப் பழுதுக்குப் பிறகு செல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதை ஆர்என்ஏவில் பார்க்கலாம்.

எனக்குப் பிடித்த பகுதி இது. வெவ்வேறு மரபணுக்களில் பழுதுள்ள மூன்று வகை நாய்களில் குட்டிகளின் விழித்திரையை வாரக்கணக்கில் ஒப்பிட்டிருக்கிறார்கள். தொடக்கம் வேறாக இருந்தாலும், ஒளி உணரும் செல்கள் சாகத் தொடங்கும்போது, செல்லின் சாவையும் பிழைப்பையும் தீர்மானிக்கும் மரபணுக்கள் பலவற்றில் ஒரே மாதிரி மாற்றங்கள் தெரிந்தன. அங்கே தடுக்க முடிந்தால், பழுது எந்த மரபணுவில் இருந்தாலும் ஒரே மருந்து உதவலாம் என்று நம்ப இடமிருக்கிறது.

எலி போதாதா, நாய் எதற்கு?

நாயின் கண் அளவில் மனிதக் கண்ணுக்கு நெருக்கம். கூர்ந்து பார்க்க உதவும் நம் விழித்திரையின் நடுப்புள்ளியை ஒத்த சிறு பகுதி நாய்க்கும் உண்டு என்று 2014இல் காட்டினார்கள், எலிக்கு அது கிடையாது. பிரியார்ட் இன நாய்களில் ஆர்பிஇ65 மரபணுவில் நான்கு எழுத்துகள் விடுபட்டு, பிறவியிலேயே பார்வை மங்கும். நல்ல பிரதியை ஒரு வைரஸில் ஏற்றி விழித்திரைக்கு அடியில் செலுத்தியதும் அவை பார்த்தன. இது 2001. அதே மரபணு பழுதான மனிதர்களுக்கான லக்ஸ்டர்னா என்ற மரபணு மருந்து 2017 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. விலைதான் அநியாயம்: 2018இல் அறிவித்தபோது இரண்டு கண்ணுக்கும் 8.5 லட்சம் டாலர்.

கண் பயிற்சி, கலர் கண்ணாடி டிஸ்லெக்சியாவுக்கு உதவுமா?

உதவாது. டிஸ்லெக்சியா கண்ணின் கோளாறு இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் கண் மருத்துவர்கள் சங்கமும் 2009இல் சேர்ந்தே இதைச் சொல்லிவிட்டன. பார்வையை ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள், அது போதும்.

பொதுத் தேர்வில் சலுகை உண்டா?

உண்டு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் டிஸ்லெக்சியாவும் டிஸ்கால்குலியாவும் இருக்கின்றன. சான்றிதழ் இருந்தால் கூடுதல் நேரமும், சொல்லச் சொல்ல எழுத ஆளும் கேட்கலாம். பத்தாம் வகுப்பு வரை காத்திருக்காமல் இப்போதே தலைமை ஆசிரியரிடம் பேசுங்கள்.