பொம்மையாகாத நாயகர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சின்ன வயதிலிருந்தே ஆக்‌ஷன் ஃபிகர்கள் சேர்த்துவருகிறேன். என் அலமாரியில் ஸ்டார் வார்ஸ் ஆட்கள் இருக்கிறார்கள், பேட்மேன் இருக்கிறார், ஜுராசிக் பார்க் டைனோசர்கள் இருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த ஹாலிவுட் உளவாளி நாயகன் ஜேசன் பார்ன் மட்டும் இல்லை. அந்தத் தொடரில் 5 படங்கள் வந்துவிட்டன, உலகம் முழுக்க ஓடின. ஆனாலும் பொம்மைக் கடை எதிலும் ஒரு பார்ன் என் கண்ணில் பட்டதில்லை. இன்னொரு பக்கம், ஓடாத படங்களின் பொம்மைகள் தள்ளுபடி விலையில் குவிந்து கிடக்கின்றன. “பொம்மை வராத படம் ஜனங்கள் மனதில் நிற்காத படம்” என்கிறார் என் நண்பர். அது உண்மையா? இதையெல்லாம் யார் முடிவு செய்கிறார்கள்?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

உங்கள் நண்பர் சொல்வது தவறு என்றே நினைக்கிறேன். ஜனங்கள் மனதில் ஒரு படம் நிற்குமா என்பது படம் வந்த பிறகுதான் தெரியும். பொம்மை வருமா என்பதோ படம் வருவதற்கு ஒரு வருடத்துக்கும் மேலாக முன்பே முடிவாகிவிடுகிறது.

ஒரு பொம்மை எப்படி உருவாகிறது என்று பாருங்கள். பொம்மை நிறுவனம் முதலில் ஸ்டுடியோவிடம் உரிமம் வாங்க வேண்டும். விற்றாலும் விற்காவிட்டாலும் ராயல்டியாக இவ்வளவு கொடுத்தே தீருவேன் என்று பெரும்பாலும் ஒரு குறைந்தபட்சத் தொகைக்கு ஒப்புக்கொள்ள வேண்டும். அப்புறம் சிற்பி உருவத்தைச் செதுக்குவார். அதை ஸ்டுடியோ பார்த்துச் சரி சொல்ல வேண்டும். முகச்சாயலுக்குப் பெரும்பாலும் நடிகரின் சம்மதமும் வேண்டும். அதன்பின் எஃகு அச்சு. தலை, உடம்பு, கை, கால், கையில் பிடிக்கும் ஆயுதம் என்று எல்லாவற்றுக்கும் அச்சில் தனித்தனிக் குழி வெட்டவேண்டும். முதல் பொம்மை விற்பதற்கு முன்பே பல்லாயிரம் டாலர் போயிருக்கும். இத்தனையும் நடக்கும்போது படம் பாதிகூட எடுத்து முடித்திருக்க மாட்டார்கள். கையில் இருப்பது கொஞ்சம் ஓவியங்களும் ஒரு கதைச் சுருக்கமும்தான். அதை வைத்துக்கொண்டுதான் கடைக்காரர்களிடம் அடுக்கில் இடம் கேட்கவேண்டும்.

அந்த நிலையில் ஆட்கள் எப்படி யோசிப்பார்கள் என்பதற்கு 2009இல் வந்த பிக்ஸாரின் ‘அப்’ நல்ல உதாரணம். நாயகனுக்கு 78 வயது, மனைவியை இழந்தவர், கோல் ஊன்றி நடப்பவர். முதல் ‘டாய் ஸ்டோரி’ காலத்திலிருந்து பிக்ஸார் பொம்மைகளைச் செய்துவந்த திங்க்வே நிறுவனமே அந்தப் படத்துக்கு ஒன்றும் செய்வதில்லை என்று ஒதுங்கிக்கொண்டது. படம் உலகம் முழுக்க 70 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. எத்தனை பேரை அழவைத்தது!

படம் வந்த பிறகு விழித்துக்கொண்டாலும் உடனே ஒன்றும் செய்ய முடியாது. 1977 மே மாதம் ‘ஸ்டார் வார்ஸ்’ வெளியானபோது, அந்தக் காலத்தின் முன்னணி நிறுவனமான மெகோ அந்த உரிமத்தை வேண்டாம் என்று சொல்லியிருந்தது. எடுத்துக்கொண்ட கென்னர் நிறுவனத்தாலும் கிறிஸ்துமஸுக்குள் பொம்மை செய்து முடிக்க முடியவில்லை. ஓர் அட்டை உறையில் சான்றிதழ் வைத்து விற்றார்கள். அதை அனுப்பினால் அடுத்த வருடத் தொடக்கத்தில் 4 பொம்மைகள் தபாலில் வரும். அரை நூற்றாண்டு கழிந்தும் இந்தக் கால இடைவெளி மாறவில்லை. 2025இல் ‘கேபாப் டீமன் ஹன்டர்ஸ்’ என்ற அனிமேஷன் படம் உலகத்தையே பிடித்தாட்டியபோது கடைகளில் அதற்கு ஈடான பொம்மைகள் இல்லை. மட்டெல், ஹாஸ்ப்ரோ என்ற இரண்டு பெரிய பொம்மை நிறுவனங்களும் உரிமம் பெற்ற செய்தி அக்டோபரில் வந்தது, பொம்மைகள் 2026க்குத் தள்ளிப்போயின.

இனி உங்கள் பார்னுக்கு வருகிறேன். எனக்கும் அவரைப் பிடிக்கும், அதனால் இதைக் கொஞ்சம் வருத்தத்தோடுதான் சொல்கிறேன். அவரிடம் பொம்மைக்குள் போகக்கூடியது மிகக் குறைவு. சாதாரண ஜாக்கெட், சாதாரண முகம். கூட்டத்தில் கரைந்துபோவதுதான் அவருடைய திறமையே. முதல் படத்தில் அவர் பேனாவால் சண்டை போடுகிறார், இரண்டாவதில் சுருட்டிய பத்திரிகையால். திரையில் பார்க்கும்போது நமக்கு மூச்சே நின்றுவிடுகிறது. காரணம் அந்த வேகம், கேமராவின் பதற்றம், பார்னாக நடித்த மேட் டேமன் கண்ணில் ஓடும் கணக்கு. அச்சில் பிளாஸ்டிக்கை ஊற்றினால் இதெல்லாம் எங்கே போகும்? மிஞ்சுவது ஜாக்கெட் போட்ட ஒரு மனிதன். அவன் எந்தப் படத்து ஆளாகவும் இருக்கலாம்.

முகம் இன்னொரு சிக்கல். விரல் நகத்தளவு முகத்தில் ஒரு நடிகரின் சாயலைக் கொண்டுவருவது கஷ்டம், கொண்டுவந்தால் அவருக்கும் பங்கு தரவேண்டியிருக்கும். கவசமும் முகமூடியும் போட்டவர்கள் பொம்மைக் கடையில் ராஜாக்களாக இருப்பது இதனால்தான். ஸ்டார் வார்ஸின் முகமூடி வில்லன் டார்த் வேடருக்கு யார் சாயலும் வேண்டாம். வெள்ளைக் கவச வீரனுக்கு ஓர் அச்சு போதும், ஒரு குழந்தை அவனைப் பத்துப் பன்னிரண்டு வாங்கிப் படையே திரட்டலாம். போதாததற்கு வண்டிகள். கென்னர் தன் உருவங்களை 3¾ அங்குலத்துக்குச் சுருக்கியதற்குக் காரணமே விண்கப்பல்கள்தான். அப்போது 8 அங்குலமும் 12 அங்குலமும்தான் வழக்கம். அந்த உயரத்தில் ஸ்டார் வார்ஸ் விமானி ஹான் சோலோவைச் செய்தால் அவர் உட்கார அவருடைய ஃபால்கன் விண்கப்பலுக்கு ஓர் அறையே வேண்டியிருக்கும். பார்ன் எந்தக் கப்பலிலும் வருவதில்லை. கிடைத்த காரை எடுத்துக்கொண்டு போகிறார்.

வன்முறைப் படம் என்பதால்தான் வரவில்லை என்று சிலர் சொல்வதுண்டு. அது அரை உண்மைதான். ராம்போவும் ரோபோகாப்பும் பெரியவர்களுக்கான படங்கள். இருந்தும் 80களில் இரண்டுக்கும் கார்ட்டூன் தொடர் வந்தது, பொம்மையும் வந்தது. தடுமாறிய கதைகளும் இருக்கின்றன. 1979இல் ‘ஏலியன்’ என்ற திகில் படத்தின் வேற்றுக்கிரக உயிரியைக் கென்னர் 18 அங்குல உருவமாகச் செய்தது. உள்வாய் நீண்டு வெளியே வரும். குழந்தைகள் பார்க்கக்கூடாத படத்துக்குக் குழந்தைப் பொம்மையா என்று எதிர்ப்பு வந்தது, திட்டமிட்டிருந்த சிறிய உருவங்கள் வெளிவரவே இல்லை. 2013இல்தான் சூப்பர்7 என்ற நிறுவனம் அவற்றை வெளியே கொண்டுவந்தது.

நண்பரிடம் ‘அவதார்’ பற்றியும் கேளுங்கள். உலகிலேயே அதிகம் வசூலித்த படம். 2009இல் மட்டெல் செய்த அதன் பொம்மைகள் எதிர்பார்த்தபடி போகவில்லை. அந்தப் படத்தின் அழகு இரவில் ஒளிரும் காட்டிலும் திரையின் ஆழத்திலும் இருந்தது, நீல பிளாஸ்டிக்கில் அது வரவில்லை என்பது என் எண்ணம். அதற்காக ஜனங்கள் படத்தை மறந்தார்களா? 2022இல் இரண்டாம் பாகம் வந்தபோது அதுவும் 200 கோடி டாலரைத் தாண்டியது.

பார்ன் இல்லாததைவிட எனக்கு வலிப்பது வேறொன்று. படத்தில் முழுசாக இருக்கும் ஒருவரைப் பொம்மை வரிசையிலிருந்து மட்டும் எடுத்துவிடுவது. 2015இல் வந்த அவெஞ்சர்ஸ் படத்தில் விமானத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் பாய்ந்து இறங்குபவர் பிளாக் விடோ என்ற நாயகி. அந்தக் காட்சியைப் பொம்மையாக்கியபோது மோட்டார் சைக்கிளில் கேப்டன் அமெரிக்காவை உட்காரவைத்தார்கள். அந்தப் படத்தில் நடித்த மார்க் ரஃபலோவே தன் மகள்களுக்கும் உடன்பிறந்தவர்களின் மகள்களுக்கும் பிளாக் விடோ பொருட்கள் வேண்டும் என்று பொதுவெளியில் கேட்டார். ‘அயர்ன் மேன் 3’ இன்னும் மோசம். அதன் வில்லன் முதலில் ஒரு பெண்ணாகத்தான் எழுதப்பட்டிருந்தார், பெண் பொம்மை அந்த அளவுக்கு விற்காது என்று சொல்லி மாற்றச் சொன்னார்கள் என்று இயக்குநர் ஷேன் பிளாக் பிறகு சொன்னார். கதைக்குப் பின்னால் வரவேண்டிய பொம்மை, கதையையே திருத்தியிருக்கிறது. பையன்கள் பெண் பொம்மை வாங்கமாட்டார்கள் என்பது பொம்மை நிறுவனங்கள் தாங்களாகவே வைத்துக்கொண்ட நம்பிக்கை. அதை நம்பிக் குறைவாகச் செய்கிறார்கள், கடையில் இல்லாததால் விற்பதில்லை, அதையே மறுபடி ஆதாரமாகக் காட்டுகிறார்கள். 2015இல் புதிய ஸ்டார் வார்ஸ் படத்துக்கான மோனோபொலி ஆட்டத்தில் நாயகி ரே இல்லாதபோது 8 வயதுச் சிறுமி ஒருத்தி கடிதம் எழுதிக் கேட்டாள். ரேயைச் சேர்ப்பதாக ஹாஸ்ப்ரோ அறிவித்தது. அந்தக் குழந்தையை நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

உங்கள் அலமாரிக்கு வழி இல்லாமலில்லை. பெரியவர்களுக்காகவே உருவங்கள் செய்யும் நெகா, சூப்பர்7 போன்ற நிறுவனங்கள் குறைந்த எண்ணிக்கையில் செய்கின்றன, முன்பணம் வாங்கிக்கொண்டும் செய்கிறார்கள். குழந்தைகள் கூட்டமாக வாங்கவேண்டிய கட்டாயம் அங்கே கிடையாது. ஹாஸ்ப்ரோகூட 2018இல் ஸ்டார் வார்ஸ் வில்லன் ஜாபாவின் பெரிய படகை இப்படித்தான் செய்தது. 500 டாலர் விலை, 5,000 பேர் முன்பதிவு செய்தால் செய்வோம் என்றார்கள். 8,000 பேருக்கு மேல் சேர்ந்தார்கள். பார்னுக்கும் அப்படி ஒரு முன்பதிவை யாராவது தொடங்கினால் எனக்கு எழுதுங்கள். என் பெயரையும் சேர்த்துக்கொள்கிறேன். கையில் அந்தப் பேனாவும் இருக்கவேண்டும்.