ரத்த அழுத்த அளவில் இரண்டு எண்கள் எதற்கு? எது இயல்பு, எது அதிகம், எது குறைவு?

ரத்தம் குழாய்ச் சுவரை அழுத்தும் விசைதான் ரத்த அழுத்தம். ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கும் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள்: பம்ப் தள்ளும்போது விறைக்கும்; விட்டதும் தளரும், ஆனால் முழுதாகத் துவளாது. இதயம் சுருங்கும்போதுள்ள விறைப்பு மேல் எண். தளரும்போது எஞ்சுவது கீழ் எண்.

பெரியவர்களுக்கு 120/80க்குள் இருப்பது இயல்பு. வெவ்வேறு நாட்களில் அளந்தும் 140/90ஐ எட்டினால் உயர் அழுத்தம். இரண்டில் ஒரு எண் எட்டினாலும் அப்படித்தான். இடைப்பட்டதைக் கவனித்து வர வேண்டும். 90/60க்குக் கீழே குறைவு. தலைசுற்றல், மயக்கம் இல்லையென்றால் பெரும்பாலும் பயமில்லை.

குமுளி மலையில் வேலை முடித்துக் கம்பத்தில் ஜீப்பை விட்டு இறங்கியதும், டீ குடித்த கையோடு அளக்காதீர்கள். அரை மணி நேரம் டீ, பீடி தவிர்த்து, 5 நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து அளக்க வேண்டும்.

"தலைவலி இல்லை, அதனால் பிரஷர் இல்லை" என்று நம்பிவிடாதீர்கள்; உயர் அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது.