சதுப்புநில ஆர்க்கிட் என்றால் தண்ணீரில் அமுக்கி வைப்பதா?

சேலத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "மலைக்குப் போனபோது ரோட்டோரத்தில் ஒருவரிடம் ஃபேயஸ் ஆர்க்கிட் வாங்கினேன். சேற்றில் வளரும் செடி, தொட்டியோடு தண்ணீர் பேசினில் வைத்துவிடுங்கள் என்றார். ரெண்டு மாதமாக இலை மஞ்சளாகிறது, அடி கறுக்கிறது. காப்பாற்ற முடியுமா? பூ எப்போது வரும்?"

அம்மா, தொட்டியை இன்றைக்கே பேசினிலிருந்து வெளியே எடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஃபேயஸ் ஓடைக்கரையிலும் ஈரமான புல்வெளியிலும் வளர்வது உண்மைதான். ஆனால் அங்கே தண்ணீர் நகர்ந்துகொண்டே இருக்கும். செடியின் பல்பு, அதாவது இலைக்கு அடியில் இருக்கும் தடித்த தண்டு, சேற்றுக்குள் கிடக்காது. இலைமக்கு மேட்டின் மேல் உட்கார்ந்திருக்கும். வேர் ஈரத்தைக் குடிக்கும், கூடவே காற்றும் வாங்கும். பேசின் தண்ணீரில் காற்றுக்கு வழியில்லை. வேர் மூச்சு முட்டி அழுகுகிறது, அதைத்தான் இலை மஞ்சளாகிக் காட்டுகிறது.

செடியைத் தொட்டியிலிருந்து உருவி, ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். நல்ல வேர் வெளுப்பாக, கெட்டியாக, இழுத்தாலும் அசையாமல் இருக்கும். அழுகியதென்றால் மேல்தோல் உறை மாதிரி கழன்று கையோடு வந்துவிடும், உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். அதையெல்லாம் நறுக்கிவிடுங்கள். கத்தரியை ஒவ்வொரு செடிக்கும் நெருப்பில் காட்டிய பிறகே தொடுங்கள். ஆர்க்கிட் வைரஸ் கத்தி வழியாகச் செடிக்குச் செடி பரவும், அதற்கு மருந்து கிடையாது. வெட்டிய இடம் நீலக் கறுப்பாக மாறினால் பயப்பட வேண்டாம். அவுரியில் இருக்கும் சாயச்சத்து இந்தச் செடியிலும் இருக்கிறது, காயம் பட்டால் அப்படித்தான் ஆகும்.

திரும்ப நடுவதற்கான கலவை: இலைமக்கு இரண்டு பங்கு, தேங்காய் மட்டைத் துண்டு ஒரு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு. அடியில் ஓட்டுச் சில்லு. பல்பின் பாதி வெளியே தெரிய வேண்டும். காலை வெயில் மட்டும் படும் இடம், அல்லது நிழல்வலைக்குக் கீழே. மேல்மண் காயத் தொடங்கும்போதே ஊற்றுங்கள், முழுக்கக் காயவிடாதீர்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இலை நுனி கருகும். மழைத்தண்ணீர் பிடித்து வையுங்கள்.

தட்டில் தண்ணீர் வைக்கவே கூடாதா என்றால், ஒரே ஒரு நேரத்தில் வைக்கலாம். புதுக்குருத்து வேகமாக வளரும்போது, அதுவும் வேர் தொட்டியை நிறைத்த பிறகு, அரை அங்குலத் தண்ணீர் தட்டில் நிற்கலாம். சாயங்காலத்துக்குள் அது வற்ற வேண்டும். மறுநாளும் நின்றால் கொட்டிவிடுங்கள். அடைமழை நாளில் தட்டே வேண்டாம். குளிர்காலத்திலும் வேண்டாம். உங்கள் செடிக்கு இப்போது வேரே இல்லை, ஆகவே இந்தச் சலுகை அதற்குப் பொருந்தாது. புது வேர் வந்து தொட்டி நிறையட்டும், பிறகு பார்க்கலாம்.

பூ இந்த வருஷம் எதிர்பார்க்காதீர்கள். தேறிய செடிக்கு மார்கழி, தை இரவுக் குளிர் பட வேண்டும். மொட்டுத் தண்டு கிளம்பும்போது சூடு கூடினால் மொட்டு கருகிவிடும். வீட்டிலேயே குளிர்ச்சியான மூலை எதுவோ அங்கே வையுங்கள். "பூக்கும் டானிக்" என்று கடையில் கொடுக்கும் பாட்டிலை வாங்காதீர்கள். வேரில்லாத செடிக்கு அது உப்புச்சுமைதான்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. ரோட்டோரம் விற்ற அந்தச் செடி காட்டிலிருந்து பிடுங்கியதாகத்தான் இருக்கும். வேர் தாறுமாறாக அறுந்து, களிமண் ஒட்டி, இலை பூச்சி அரித்து, பழைய பல்பு நாலைந்து வரிசையாகச் சேர்ந்து வந்தால் சந்தேகமே வேண்டாம். காப்புக்காட்டில் செடி பிடுங்குவது குற்றம். ஃபேயஸ் உட்பட எல்லா ஆர்க்கிட்டும் சைட்டிஸ் (அழியும் ஆபத்துள்ள உயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) பட்டியலில் உள்ளவை. "டிஷ்யூ கல்ச்சர் செடிங்க", அதாவது லேபில் வளர்த்தது, என்பார்கள். பில் கேளுங்கள், முகம் மாறிவிடும். பிடுங்குகிறவருக்குக் கிடைப்பது சொற்பம், நடுவில் நிற்கும் தரகர்தான் காசு பார்க்கிறார்.

இதில் எனக்கு ஆறாத கோபம் உண்டு. ஆர்க்கிட்டை விதையிலிருந்து குப்பியில் வளர்க்கும் முறை பழையது. ஏற்காட்டிலேயே இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் 1963 முதல் இருக்கிறது. ஆனாலும் சேலத்துக்காரர் ஒருவர் நேர்மையாக ஒரு நாற்று வாங்க எங்கே போவது? இதைக் கேட்டு ஒரு அலுவலகத்துக்கு மூன்று முறை எழுதினேன், பதிலே இல்லை. நேர்வழியை அடைத்துவைத்தால் ஜனங்கள் ரோட்டோரத்துக்குத்தான் போவார்கள்.

இத்தனைக்கும் ஃபேயஸைப் பெருக்க லேப்கூட வேண்டாம். பூ உதிர்ந்ததும் பச்சையாக இருக்கும் பூத்தண்டை வெட்டி, ஈரமணல் தட்டில் படுக்கவைத்து, நிழலில் பாலித்தீன் மூடி வையுங்கள். சில வாரங்களில் கணுவிலிருந்து குட்டிச்செடி வரும், வேர் விட்டதும் பிரித்து நடலாம். உங்கள் ஊரில் ஃபேயஸ் வளர்ப்பவர் யாராவது இருப்பார்; அடுத்த முறை பூத்து முடிந்த தண்டை அவரிடம் கேட்டு வாங்குங்கள்.