பட்டையோடு பட்டையாகிவிடும் சிலந்தியைப் படமெடுப்பது எப்படி?

கேள்வி: மேக்ரோ லென்ஸ் வாங்கி ஆறு மாதம் ஆகிறது. மரத்தில் ஒட்டிக்கிடக்கும் ஹெர்சிலியா சிலந்தியை எடுத்துக் காட்டினால், "இதில் சிலந்தி எங்கே?" என்கிறார்கள். 1:1 அளவுக்கு (சிலந்தி தன் நிஜ அளவிலேயே சென்சாரில் விழும்படி) நெருங்கி, லென்ஸ் துளையை எஃப்/22 என்று நன்றாகச் சுருக்கி வைத்து, கேமரா மேல் பொருத்திய ஃபிளாஷ் போட்டுத்தான் எடுக்கிறேன். படமும் கூர்மையாக இல்லை. எங்கே தவறுகிறேன்?

பதில்: சிலந்தி தெரியாமல் போவதில் பாதி அதன் சாமர்த்தியம், மீதி உங்கள் ஃபிளாஷின் உபயம்.

ஹெர்சிலியா நிறத்தால் மட்டும் ஒளிந்துகொள்வதில்லை. உடல் தட்டை, நீளநீளமான கால்களையும் பட்டையோடு படிய விரித்துவைத்திருக்கும். ஒரு பொருள் தரையிலிருந்து எழும்பி நிற்கிறது என்று நம் கண்ணுக்குச் சொல்வது அதன் நிழல். அந்த நிழல் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் இதன் வித்தை. நீங்கள் நேரெதிரே நின்று ஃபிளாஷ் அடித்து, மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்ச நிழலையும் துடைத்துவிடுகிறீர்கள். லென்ஸைச் சுற்றிப் பொருத்தும் ரிங் ஃபிளாஷ் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஃபிளாஷைக் கழற்றிக் கையில் பிடியுங்கள். ஒளி மரத்தின் பக்கவாட்டிலிருந்து பட்டையை உரசிக்கொண்டு வரட்டும். கால்களின் ஓரத்தில் மெல்லிய நிழல்கோடு விழுந்ததுமே சிலந்தி எழுந்து நிற்கும். ஒளியை மென்மையாக்கும் டிஃப்யூசர் அவசியம், ஆனால் சிலந்தியைச் சுற்றி வளைக்கும் அளவுக்குப் பெரிதாக வைத்தால் மறுபடி நிழல் கரைந்துவிடும். இந்த உத்தி வழுவழுப்பான பட்டைக்குத்தான். கரடுமுரடான பட்டையில் ஒவ்வொரு வெடிப்பும் தன் பங்குக்கு நிழல் போட்டுக் குழப்பும்.

அப்படிப்பட்ட மரத்தில் ஒளியை விட்டுவிட்டுக் கோணத்தை மாற்றுங்கள். ஹெர்சிலியா பெரும்பாலும் தலைகீழாக உட்கார்ந்திருக்கும். மிரண்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் மரத்தைச் சுற்றி ஓடிவிடும். துரத்தாதீர்கள். ஓடி நின்றதும் மறுபடி சிலையாகிவிடும். அது மரத்தின் விளிம்பில் நிற்கிறபோது பக்கவாட்டிலிருந்து எடுத்தால், பின்னணியில் பட்டை இருக்காது. மேடுபோல் எழும்பிய கண் பகுதியும், பின்னால் இரட்டை வால்போல் நீளும், இழை விடும் நூற்புறுப்புகளும் தனித்துத் தெரியும். பின்னணி கன்னங்கரேலென்று விழுகிறதா? ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளியுணர்வு அளவை) 400, 800 என்று ஏற்றிப் பாருங்கள்.

கூர்மைக்கு வருவோம். எஃப்/22ஐ இன்றோடு விட்டுவிடுங்கள். 1:1 அளவில் லென்ஸ் நீண்டுவிடுவதால் அது நடைமுறையில் எஃப்/44 போல வேலை செய்கிறது. அவ்வளவு சிறிய துளையில் ஒளி சிதறி, படம் முழுவதும் மெழுகு பூசினாற்போல் ஆகிவிடும். எஃப்/11 போதும். அதில் ஆழம் (முன்பின்னாகக் கூர்மையாக விழும் தூரம்) போதாதே என்பீர்கள். முழு ஃபிரேம் சென்சாரில் 1:1 வைத்தால் ஃபோகஸ் ஆழம் சுமார் 1.3 மி.மீ.தான். ஆனால் கொஞ்சம் பின்வாங்கி 1:2 அளவுக்கு வாருங்கள். அதே எஃப்/11இல் ஏறக்குறைய 4 மி.மீ. கிடைக்கும். ஹெர்சிலியாவின் கால்கள் முழுவதும் ஃபிரேமில் அடங்க இந்த அளவே வசதி. தட்டை உடல் இங்கே உங்களுக்குச் சாதகம்: சென்சாரை முதுகுக்கு இணையாகப் பிடித்தால் கால் நுனிவரை ஒரே தளத்தில் வந்துவிடும். ஃபோகஸ் மட்டும் கண்ணில். ஆட்டோஃபோகஸை அணைத்துவிட்டு, உடம்பை மெதுவாக முன்னால் சாய்த்துக்கொண்டே நாலைந்து படம் எடுங்கள், ஒன்று தேறும்.

மூச்சை அதன் மேல் விடாதீர்கள். சிலந்தியின் கால்களிலுள்ள நுண்ரோமங்கள் காற்றசைவை உடனே உணர்ந்துவிடும்.

மற்ற வேடதாரிகளுக்குக் கணக்கு வேறு. பறவை எச்சம்போல் இலையில் கிடக்கும் பிரைனராக்னே நண்டுச் சிலந்தியின் வெண்மை ஃபிளாஷில் வெந்துபோகும். ஃபிளாஷ் ஆற்றலை ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, குறையுங்கள். சைக்ளோசா சிலந்தி தன் வலையில் தின்ற இரையின் மிச்சங்களை வரிசையாகக் கோத்து, நடுவில் கால்களை மடக்கிக்கொண்டு தானும் ஒரு குப்பையாக உட்கார்ந்திருக்கும். ஒருமுறை பத்து நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்து முடித்த பிறகுதான், நான் ஃபோகஸ் செய்தது காய்ந்த ஈ ஒன்றின் மிச்சத்தை என்று தெரிந்தது! அன்றிலிருந்து முதலில் சின்ன டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துக் கண் எங்கே மின்னுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் கேமராவை எடுக்கிறேன். கண் தெரியவில்லையே என்று அந்தக் குப்பையைக் குச்சியால் கிளறாதீர்கள். அதில் முட்டைப்பைகளும் இருக்கக்கூடும்.

இன்னொன்று. சிலந்தி பிரிந்து தெரியும் படத்தை எடுத்த கையோடு, பழையபடி நேரெதிர் ஒளியில், தள்ளி நின்று ஒன்றும் எடுத்துவையுங்கள். "எங்கே சிலந்தி?" என்று கேட்பவர்களிடம் முதலில் அதைக் காட்டி, கொஞ்ச நேரம் தேடவிட்டு, பிறகு மற்றதைக் காட்டலாம்.