வளர்ப்பு வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு, உட்கார்ந்து பேசுவதைத் தவிர மனநல ஆலோசகர் வேறென்ன செய்ய முடியும்?

பிள்ளைக்கு வாய் வராத இடத்தில் அவனுக்காகப் பேச முடியும். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

நாங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் வீட்டிலும் கடையிலும் தமிழ். மூன்று வருடம் முன்பு பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். தத்து இல்லை. 2015ஆம் வருடச் சிறார் நீதிச் சட்டத்தின் 44ஆம் பிரிவில் வரும் தற்காலிக வளர்ப்பு. மலையாளத்தில் இதற்கு 'போற்றி வளர்த்தல்' என்று பெயர், நம் காதுக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. (பையன் யார் என்று கேட்காதீர்கள். அடையாளம் வெளியே தெரியக் கூடாது என்று அதே சட்டத்தின் 74ஆம் பிரிவு சொல்கிறது.)

வந்த மாதமே அவன் துணி அலமாரியில் எறும்பு. பார்த்தால், பேப்பரில் சுற்றிய நான்கு நாள் பழைய தோசை. பள்ளியிலும் யாருடைய டிபன் பாக்ஸிலிருந்தோ எடுத்திருக்கிறான். 'திருட்டுப் பழக்கம்' என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். பொய் சொல்வானேன், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சைக்காலஜிஸ்ட் மேடம் என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: "ராத்திரி சாப்பாடு எத்தனை மணிக்குன்னு அவன்கிட்ட சொல்லியிருக்கீங்களா?" சொன்னதில்லை. பட்டினி கிடந்து வளர்ந்தவனுக்கு அடுத்த வேளை வருமா என்பதே சந்தேகம். அவர் சொன்னபடி கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவில் முறுக்கும் கடலைமிட்டாயும் வைத்து, கேட்காமலே எடுத்துக்கொள் என்றோம். முதலில் தினமும் காலியாகும். அப்புறம் ஒருநாள் பார்த்தால் முறுக்கு நமத்துப்போய்க் கிடக்கிறது.

மேடம் அதோடு விடவில்லை. 'திருட்டு' என்ற சொல் கோப்பில் இருந்தால் அவன் போகிற இடமெல்லாம் கூடவே போகும் என்று, காரணத்தை விளக்கி, பிள்ளை எங்கே வளர வேண்டும் என்று முடிவு செய்கிற குழந்தைகள் நலக் குழுவுக்கு அறிக்கை எழுதினார்.

பிறகு விசாரிக்க வந்த ஒருவர், விடுதிக்குப் போகிறாயா என்று மலையாளத்தில் கேட்டிருக்கிறார். இவன் "சரி" என்றான். இரண்டு மொழியிலும் சரி என்றால் சரிதானே, சம்மதம் என்று எழுதிக்கொண்டார். குழுவின் முன்னால் மேடம் சொன்னார்: "பெரியவங்க எது கேட்டாலும் இவன் சரின்னுதான் சொல்லுவான். வளர்க்கிறவங்களை வெளியே அனுப்பிட்டு, தமிழ்ல திரும்பக் கேளுங்க." பிள்ளையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. கேட்டார்கள். முக்கால் மணி நேரம் நாங்கள் வராந்தாவில் நின்றோம். உள்ளே என்ன சொன்னான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வீடு மாறவில்லை.

எனக்கு எதிராகவும் எழுதியிருக்கிறார். பெற்ற அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தால் இரண்டு நாள் பேசமாட்டான், அதனால் இனி வேண்டாம் என்றேன். சந்திப்பு தொடரட்டும், அந்த இரண்டு நாளும் அவனை விட்டுப்பிடியுங்கள் என்று எழுதிவிட்டார். கோபம்தான். அவர் பேசுவது அவனுக்காக, எனக்காக இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

இப்போது அவனுக்குப் பதினைந்து. பதினெட்டு முடிந்தால் வளர்ப்புக் கணக்கு முடியும். அதற்கு அப்புறம் என்ன என்ற பேச்சை மேடம் இப்போதே ஆரம்பித்துவிட்டார்.

உங்களுக்கும் இப்படி ஒருவர் வேண்டுமென்றால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள். எல்லைப்புறம் என்றால், தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று எழுதியே கொடுங்கள். வாயால் கேட்டால் அங்கேயும் "சரி" என்பார்கள்.