இதயம் நின்று மீண்டவருக்கு சிஆர்பி ஏறுகிறது: நுரையீரல் தொற்றுதானா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 58. வீட்டில் இதயம் நின்றுவிட்டது. சிபிஆர் கொடுத்து மீட்டார்கள். இன்று மூன்றாம் நாள். ஐசியூவில் வென்டிலேட்டரில் இருக்கிறார். பாக்டீரியா தொற்றைக் கண்டுபிடிக்க எடுக்கும் புரோகால்சிடோனின் என்ற ரத்தப் பரிசோதனை முதல் நாள் 6, மறுநாள் 9, இன்று 5. உடம்பின் அழற்சியைக் காட்டும் சிஆர்பி 60-இல் இருந்து 180 ஆகிவிட்டது. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் வெள்ளையாகத் தெரிகிறதாம். ஒரு டாக்டர் நிமோனியா என்று ஆன்டிபயாடிக் ஆரம்பித்துவிட்டார். இன்னொருவர், தொற்று இல்லாமலும் இந்த எண்கள் ஏறும் என்கிறார். யாரை நம்புவது? இன்டர்லூக்கின்-6 பரிசோதனை செய்யச் சொல்லலாமா?

பதில்: இரண்டு டாக்டர்களும் சொல்வது சரிதான். அவர்களுக்குள் சண்டை என்று நினைத்துக் கவலைப்படாதீர்கள்.

இதயம் நின்றிருந்த நிமிடங்களில் உடம்பின் எந்த உறுப்புக்கும் ஆக்சிஜன் போகவில்லை. இதயம் மறுபடி துடித்து ரத்தம் பாய்ந்ததும், அடிபட்ட செல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அபாயச் செய்தி அனுப்புகின்றன. குடலின் உட்சுவரும் பலவீனமாகி, அங்குள்ள பாக்டீரியாக்களின் நச்சு ரத்தத்தில் கசியலாம். கிருமி எதுவும் படையெடுக்காமலே நோய் எதிர்ப்பு மண்டலம் முழு வேகத்தில் இறங்கிவிடுகிறது. 2002-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இந்த நிலையை செப்சிஸ் (தொற்றுக்கு உடம்பு கட்டுமீறி எதிர்வினை காட்டி உறுப்புகளைப் பாதிப்பது) போன்ற ஒரு நோய்க்கூட்டம் என்றே விவரித்தார்கள். ரத்தப் பரிசோதனையை மட்டும் காட்டினால், அனுபவமுள்ள டாக்டருக்கும் இரண்டையும் பிரித்துச் சொல்வது கஷ்டம்.

அதனால்தான் எண்ணைவிட, அது எந்த நாளில் வந்தது என்பது முக்கியம். இந்த ரத்தக் குறியீடுகள் ஒரே நேரத்தில் ஏறி ஒரே நேரத்தில் இறங்குவதில்லை. அழற்சியைத் தூண்டும் புரதமான இன்டர்லூக்கின்-6 முதல் சில மணி நேரத்திலேயே உச்சத்துக்குப் போய்விடும். புரோகால்சிடோனின் பெரும்பாலும் முதல் நாள் வாக்கில் உச்சம் தொட்டு, ஏறக்குறைய ஒரு நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். சிஆர்பியைக் கல்லீரல் தயாரித்து வெளியே விட வேண்டும். அதனால் அது தாமதமாக, இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சிக்கு வரும். உங்கள் அப்பாவின் கணக்கைப் பாருங்கள்: புரோகால்சிடோனின் இறங்குகிறது, சிஆர்பி ஏறுகிறது. ஒன்று நல்லது, ஒன்று கெட்டது என்று இதைப் படிக்கக் கூடாது. இதயம் நின்று மீண்டவரின் மூன்றாம் நாளில் எதிர்பார்க்க வேண்டிய வரிசையே இதுதான். புரோகால்சிடோனின் 0.5-க்கு மேல் போனால் பாக்டீரியா தொற்றைச் சந்தேகிப்பது பொதுவான வழக்கம். அந்த அளவுகோல் இங்கே செல்லாது. ரத்த அழுத்தம் விழுந்திருந்தாலோ சிறுநீரகம் சோர்ந்திருந்தாலோ தொற்று இல்லாமலே அந்த எண் பல மடங்கு ஏறும்.

சரி, அப்படியானால் ஆன்டிபயாடிக் வீணா? இல்லை. எண்கள் தொற்றை நிரூபிக்கவில்லை என்பதால் தொற்று இல்லை என்று ஆகிவிடாது. சுயநினைவு போனதும் இருமும் சக்தி போய்விடுகிறது. வாந்தியும் எச்சிலும் புரையேறி, பெரும்பாலும் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதிக்குள் இறங்கும். அந்தப் பக்கத்து மூச்சுக்குழாய் கொஞ்சம் நேராகவும் அகலமாகவும் இருப்பதே காரணம். உங்கள் அப்பாவின் எக்ஸ்ரேயில் வெள்ளை தெரியும் இடமும் அதுவே என்பதால், நிமோனியா என்ற சந்தேகம் நியாயமானது. ஆனால் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் நிமோனியா ஆகாது. சிபிஆர் அழுத்தத்தில் விலா எலும்பு முறிந்து, அடியில் நுரையீரல் கன்றிப்போயிருக்கலாம். இதயம் பலவீனமாக இருப்பதால் நீர் கோத்திருக்கலாம். சளி அடைத்து ஒரு பகுதி காற்றில்லாமல் சுருங்கியிருக்கலாம். சாதாரண எக்ஸ்ரேயில் இவை எல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் தெரியும். சிடி ஸ்கேன் எடுத்திருந்தால் கொஞ்சம் தெளிவு கிடைக்கும்.

முதல் சில நாட்களிலேயே நிமோனியா வருவது இவர்களிடம் மிகவும் சகஜம். 2019-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு ஒன்றில், மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்று, மின் அதிர்ச்சியால் சீராக்கக்கூடிய துடிப்புக் கோளாறு இருந்த, உடல் குளிர்விக்கப்பட்ட நோயாளிகளுக்கு அமாக்சிசிலின்–கிளாவுலனேட் இரண்டு நாள் முன்கூட்டியே கொடுத்தார்கள். ஆரம்ப நிமோனியா 34 சதவீதத்தில் இருந்து 19 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் 28 நாளில் இறப்பு விகிதத்தில் வித்தியாசம் வரவில்லை. என் கருத்தில், சந்தேகம் இருக்கும்போது ஆரம்பித்ததில் தப்பில்லை. ஆரம்பித்ததை எப்போது நிறுத்துவது என்று யோசிக்காமல் விட்டால்தான் தப்பு. மூச்சுக்குழாயில் எடுத்த சளியின் கல்ச்சர் முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதில் கிருமி எதுவும் வளராமல், நுரையீரலும் தேறிவந்தால் மருந்தை நிறுத்துவதுதான் சரி. "கல்ச்சர் எப்போது எடுத்தீர்கள், ஆன்டிபயாடிக்குக்கு முன்பா பின்பா?" என்று கேளுங்கள். முன்பு எடுத்த கல்ச்சருக்கு மதிப்பு அதிகம்.

காய்ச்சல் இல்லையே என்று நிம்மதியடையவும் முடியாது. இப்படிப்பட்டவர்களுக்கு வெப்பநிலை ஏறாமல் கருவி வைத்துப் பிடித்திருப்பார்கள். காய்ச்சல் அதற்குள் ஒளிந்துகொள்ளும். அனுபவமுள்ள நர்ஸ்கள் கருவியில் ஓடும் தண்ணீர் எவ்வளவு குளிராகிறது என்று கவனிப்பார்கள். தண்ணீர் வழக்கத்தைவிடச் சில்லிட்டு ஓடினால், உடம்பு உள்ளே சூட்டைக் கிளப்புகிறது என்று பொருள்.

தினமும் கேட்க வேண்டியது நுரையீரலைப் பற்றித்தான். வென்டிலேட்டரில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் வைத்திருக்கிறார்கள், நேற்றைக்கு இன்று கூடியதா குறைந்ததா? சக்ஷனில் வரும் சளி கெட்டியாகிறதா, நிறம் மாறுகிறதா? ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அழுத்தத்தை, கொடுக்கும் ஆக்சிஜனின் அளவால் வகுத்து ஒரு கணக்குச் சொல்வார்கள். அழுத்தம் 80, கொடுப்பது 50 சதவீதம் என்றால் 160. இரண்டு நுரையீரலிலும் நிழல் பரவி, இந்த எண் 300 அல்லது அதற்குக் கீழே வந்து, இதயத்தின் பலவீனம் மட்டுமே அதற்குக் காரணமில்லை என்றால் ஏஆர்டிஎஸ், அதாவது நுரையீரல் திடீரெனக் கடுமையாகச் செயலிழக்கும் நிலை என்பார்கள். 100-க்குக் கீழே போனால் கடுமையான நிலை.

இன்னொரு விஷயம், இதைத்தான் அதிகம் பேர் தவறவிடுகிறார்கள். முதல் ஆவேசம் அடங்கியதும் நோய் எதிர்ப்பு மண்டலம் களைத்துப்போகிறது. லிம்போசைட் என்ற வெள்ளணுக்களின் எண்ணிக்கை விழுகிறது. மோனோசைட் என்ற வெள்ளணுக்களின் மேல் இருக்க வேண்டிய எச்எல்ஏ-டிஆர் என்ற புரதம் குறைகிறது. கிருமியை அடையாளம் காட்ட அது தேவை. வென்டிலேட்டர் குழாய் வழியாக மருத்துவமனைக் கிருமிகள் நுழையத் தோதான நேரம் இது. ஆகவே இறங்கிக்கொண்டிருந்த புரோகால்சிடோனின் ஐந்தாம் ஆறாம் நாளில் மறுபடி ஏறினால், அதை இரண்டாம் நாள் 9-ஐவிடப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும். புதிய கல்ச்சர் எடுக்கவும் ஒருவேளை மருந்தை மாற்றவும் அதுவே நேரம்.

இன்டர்லூக்கின்-6 பரிசோதனை கேட்காதீர்கள். அது அதிகம் என்று தெரிந்தாலும் இன்றைய சிகிச்சையில் எதுவும் மாறாது. அதைத் தடுக்கும் டோசிலிசுமாப் மருந்தை டென்மார்க்கில் 80 பேரிடம் சோதித்தார்கள். 2021-இல் வந்த முடிவில் சிஆர்பி நன்றாக இறங்கியது, இதயச் சேதத்தின் அளவுகளும் குறைந்தன. உயிர் பிழைப்பில் பலன் உண்டு என்று காட்ட அந்த ஆய்வு போதாது. இப்போதைக்கு இது ஆராய்ச்சிக்குரிய பரிசோதனை.

எண்கள் அதிகமாக இருப்பதால் அப்பா கண் விழிக்க மாட்டார் என்றும் முடிவு கட்டாதீர்கள். இதயம் நீண்ட நேரம் நின்றிருந்தவர்களுக்கு இவை அதிகம் ஏறும் என்பது உண்மை. ஆனால் மூளையின் நிலையைக் கண்மணி அசைவு, இஇஜி (மூளையின் மின் அலைப் பதிவு), ஸ்கேன் என்று வேறு வழிகளில், குறைந்தது 72 மணி நேரம் கழித்துத்தான் கணிக்கிறார்கள். மயக்க மருந்து ஓடினால் அதற்கும் மேல் காத்திருக்க வேண்டும்.

உங்கள் பங்குக்கு டாக்டரிடம் சில தகவல்களைச் சொல்லுங்கள்: விழுவதற்கு முன் அப்பா எப்போது சாப்பிட்டார், வாந்தி எடுத்தாரா, புகைப்பழக்கமோ ஆஸ்துமாவோ உண்டா, பொய்ப்பல் ஏதாவது காணாமல் போயிருக்கிறதா. பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் முதலில் அதைச் சொல்லிவிடுங்கள்.