டேலி கணக்கு அழிந்திருக்கிறது, தணிக்கை நோட்டீஸ் வந்திருக்கிறது: என்ன செய்வது?

கேள்வி: கோவையில் மோட்டார் பம்ப் உதிரிபாகக் கடை ஒன்றைத் தனி உரிமையாளராக நடத்திவருகிறேன். கணக்கு முழுவதும் டேலி இஆர்பி 9 என்ற கணக்கு மென்பொருளில் இருந்தது. சென்ற மாதம் கடைக் கணினி நின்றுபோனது. ஹார்டு டிஸ்க்கில் டக் டக் என்று சத்தம் மட்டும் வருகிறது. இப்போது 2022-23ஆம் ஆண்டுக்கான ஜி.எஸ்.டி. தணிக்கை நோட்டீஸ் (ஏ.டி.டி.-01) வந்துள்ளது. போர்ட்டலில் உள்ள ரிட்டர்ன்களை வைத்துப் பழைய தேதிகளிலேயே கணக்கைப் புதிதாகப் போட்டுக் காட்டிவிடலாம் என்கிறார் எங்கள் கணக்குப்பிள்ளை. ஒரு வியாபாரி 4.6 லட்ச ரூபாய் பாக்கி வைத்திருக்கிறார். கணக்கு போய்விட்டதை அறிந்து, கடனே இல்லை என்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கணக்கைத் திரும்ப எழுதுவது தவறில்லை. திரும்ப எழுதியதை அன்றே எழுதியதாகக் காட்டுவதுதான் தவறு. வரி ஏய்க்கும் நோக்கத்துடன் கணக்குகளைத் திருத்துவதும் போலிக் கணக்கைக் காட்டுவதும் மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 122ஆம் பிரிவில் அபராதத்துக்கும், 132ஆம் பிரிவில் வழக்குத் தொடரவும் இடமளிப்பவை. உங்களுக்கு அந்த நோக்கம் இல்லை என்றே நம்புகிறேன். ஆனால் பழைய தேதியிட்ட கணக்கைக் கொடுத்த பிறகு, அந்த நோக்கம் இல்லை என்று நிரூபிக்கும் பாரம் நடைமுறையில் உங்கள் தலையில்தான் விழும்.

பேக்கப் இல்லாதது உங்கள் தரப்புக் குறைதான். அதை மறைத்துப் பயனில்லை. ஆண்டு ரிட்டர்னுக்கான கெடு நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்கைப் பாதுகாக்க வேண்டும் என்கிறது 36ஆம் பிரிவு. 2022-23க்கு அந்தக் கெடு 31.12.2023 என்பதால், 31.12.2029 வரை அந்தப் பொறுப்பு உங்களுக்கு உண்டு. மின்னணுக் கணக்குக்கு முறையான பேக்கப் வைத்திருந்து, விபத்தில் அழிந்தால் நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி இருக்க வேண்டும் என்று ஜி.எஸ்.டி. விதிகளின் 57ஆம் விதியும் சொல்கிறது. கணக்கைப் பாதுகாக்கத் தவறியதற்கு அபராதம் 10,000 ரூபாய் அல்லது ஏய்த்த வரிக்கு இணையான தொகை, இவற்றில் எது அதிகமோ அது. தமிழ்நாடு ஜி.எஸ்.டி. சட்டத்திலும் இதே ஏற்பாடு உண்டு. அதிகாரி கண்டுபிடிக்கும் முன் தவறை நீங்களாகவே தெரிவித்தால் அபராதத்தைக் குறைக்க அதைக் கருதலாம் என்று 126(5) பிரிவு கூறுகிறது. உங்களுக்கு இன்று கையில் இருக்கும் நல்ல வாய்ப்பு இதுதான்.

ஆகவே தணிக்கை தொடங்குவதாகக் குறிப்பிட்ட நாளுக்கு முன்பே அதிகாரிக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். கணினி பழுதான தேதி, அது யாரிடம் கொடுக்கப்பட்டது, ஹார்டு டிஸ்க்கின் மேல் ஒட்டிய லேபிளில் உள்ள வரிசை எண், கைவசம் உள்ள ஆவணங்கள், மீட்பதற்குத் தேவைப்படும் கால அவகாசம் ஆகியவை கடிதத்தில் இருக்கட்டும். லேபிளின் புகைப்படத்தையும் சர்வீஸ் ரசீதையும் இணையுங்கள்.

டிஸ்க்கை இனி யாரும் இயக்கிப் பார்க்கக் கூடாது. சத்தம் வரும் டிஸ்க்கை ஒவ்வொரு முறை இயக்கும்போதும் எஞ்சிய தரவும் கெடக்கூடும். ஃபார்மட் செய்யவோ, பழையதை மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கிக்கொள்ளவோ சம்மதிக்காதீர்கள்; தரவு மீளாவிட்டாலும் அந்த டிஸ்க்தான் உங்கள் சாட்சி. தரவு மீட்பு நிறுவனத்திடம் கொடுக்கும்போது வரிசை எண்ணுடன் ரசீது பெறுங்கள். முழு நகல் எடுத்து அதன் ஹாஷ் மதிப்பை (நகல் பின்னர் மாற்றப்படவில்லை என்று காட்டும் கணினிக் குறியீடு) குறித்துத் தரும்படியும், மீட்க முடியாவிட்டால் அதையும் அறிக்கையாக எழுதித் தரும்படியும் கேளுங்கள். 1.7.2024 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவைச் சாட்சியமாக்கும் சான்றிதழில், உங்கள் பகுதியோடு நிபுணரின் பகுதியும் ஹாஷ் மதிப்பும் இடம்பெற வேண்டும்.

மீட்புக்குப் பணம் கட்டும் முன் உங்கள் ஆடிட்டர் அலுவலகத்தைக் கேட்டுவிட்டீர்களா? ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது பென் டிரைவிலோ மின்னஞ்சலிலோ பேக்கப் அனுப்புவது நம் கடைகளில் வழக்கம். என்னிடம் வந்த சில வழக்குகளில் கணக்கு அங்கேதான் கிடைத்தது. டிபிகே900.001 (TBK900.001) என்ற பெயரிலான பேக்கப் ஃபைலையும், டேட்டா ஃபோல்டருக்குள் 10000 போன்ற ஐந்து இலக்க எண் கொண்ட ஃபோல்டரையும் தேடச் சொல்லுங்கள். கிடைத்ததைப் புதிய டேலி பிரைமில் திறந்தால் தரவு வடிவம் மாறும் என்பதால், நகலை மட்டுமே திறக்க வேண்டும்.

எதுவும் கிடைக்காவிட்டால் ஜி.எஸ்.டி.ஆர்-1 (விற்பனை ரிட்டர்ன்), 3பி (மாத வரி ரிட்டர்ன்), 2பி (சப்ளையர்கள் ஏற்றிய பில்களின் பட்டியல்), வங்கிக் கணக்கு அறிக்கை, கொள்முதல் பில்கள், இ-வே பில்கள் ஆகியவற்றைக் கொண்டு கணக்கை மீள எழுதுங்கள். 'இன்ன ஆவணங்களிலிருந்து, இன்ன தேதியில் மீளத் தயாரிக்கப்பட்டது' என்ற குறிப்பை ஒவ்வொரு லெட்ஜரின் தலைப்பிலும் போடுங்கள். கொள்முதல் பில்களைத் திரட்டுவதில் மிகுந்த கவனம் தேவை. உள்ளீட்டு வரி வரவுக்கு (கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) தகுதி உண்டென்று நிரூபிக்கும் பொறுப்பு 155ஆம் பிரிவின்படி உங்களுடையது. 2பியில் பதிவு இருப்பது மட்டும் போதாது, பில்லும் கையில் இருக்க வேண்டும். இல்லாதவற்றுக்குச் சப்ளையரிடம் கையொப்பமிட்ட நகல் கேட்டு வாங்குங்கள்.

பாக்கி வைத்திருப்பவர் நினைப்பது போல உங்கள் வழக்கு லெட்ஜரோடு போய்விடவில்லை. முறையாக எழுதப்பட்ட கணக்குப் பதிவும்கூடத் தனியாக ஒருவரைக் கடனாளியாக்கப் போதாது என்பதே சாட்சியச் சட்டத்தின் நிலை. கையொப்பமிட்ட டெலிவரி சலான், அவர் கொடுத்த காசோலைகள், நீங்கள் ஜி.எஸ்.டி.ஆர்-1இல் ஏற்றிய பில்கள், அவற்றுக்கு அவர் எடுத்த வரி வரவு ஆகியவை லெட்ஜரைவிட வலுவானவை.

காலவரம்பைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு பில்லுக்கும் அதன் சரக்கை ஒப்படைத்த தேதியிலிருந்து, கடன் தவணை பேசியிருந்தால் அது முடிந்த நாளிலிருந்து, மூன்று ஆண்டுகள். அதற்குள் அவர் காசோலையாகப் பகுதித் தொகை கொடுத்திருந்தாலோ, பாக்கியை ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டிருந்தாலோ அன்றிலிருந்து மூன்று ஆண்டுகள் புதிதாகத் தொடங்கும். காசோலையின் நகலை வங்கியில் இந்த வாரமே கேளுங்கள். தொகை 3 லட்சத்துக்கு மேல் என்பதால் இது வணிக வழக்காகும். அவசர இடைக்கால நிவாரணம் கேட்காத நிலையில், வழக்குத் தொடுக்கும் முன் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சமரசத்துக்கு விண்ணப்பித்தாக வேண்டும். அந்தச் சமரசத்தில் செல்லும் நாட்கள் காலவரம்பில் கணக்கிடப்படாது என்றாலும், விண்ணப்பத்தைக் காலவரம்பின் கடைசி வாரம் வரை தள்ளிப்போடாதீர்கள்.